கோழி தின்ற வரி

உத்திரமேரூரிலிருந்து எங்கள் ஊருக்குத் தபால்காரர் சைக்கிளில் வருவார். பகல் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் மணிச்சத்தம் கேட்கும். நான் பாடம் சொல்லிக்கொடுத்த கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் வகுப்பு மதியத்துக்கு மேல்தான் என்பதால் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பேன். மணி கேட்டதும் வாசலுக்கு வந்துவிடுவேன். அவர் சைக்கிளை விட்டு இறங்க மாட்டார். ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றுவார்.

“இன்னைக்கும் இல்ல பாப்பா. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா கட்டு கட்டா அனுப்பிச்சிக்கினே கீற. ஒருத்தனாவது திருப்பி இன்னான்னு கேட்டானா?”

“கேப்பாங்கண்ணா.”

“கேப்பாங்க, கேப்பாங்க. நான் ரிடையர் ஆவறதுக்குள்ள கேக்கச் சொல்லு.”

நான் அனுப்பிக்கொண்டிருந்தது ஒரு பத்திரிகை. பத்திரிகை என்று நான்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். ஒரு பெரிய தாளை இரண்டாக மடித்தால் நான்கு பக்கம், அவ்வளவுதான். பழைய கம்ப்யூட்டர்களை விடாமல் வைத்திருப்பவர்களுக்கான இதழ் அது. விசைப்பலகையும் மற்ற எல்லாமும் ஒரே பெட்டியில் இருக்கும்; டிவியில் மாட்டினால்தான் படம் தெரியும்; புரோகிராமைப் பாட்டு கேட்கிற கேசட்டில்தான் பதிந்துவைக்க முடியும். அந்த ரகத்துக் கம்ப்யூட்டர். ஊரெல்லாம் இன்டர்நெட் கடைகள் திறந்துகொண்டிருந்த காலத்தில், தமிழ்நாட்டின் மூலைகளில் சிலர் அந்தப் பெட்டிகளைத் துடைத்து, துணி போட்டு மூடி, ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்து உட்கார்ந்துகொண்டிருந்தோம்.

ஒவ்வொரு இதழிலும் ஒரு புரோகிராம் முழுசாக இருக்கும். வாசகர் அதைப் பார்த்து ஒவ்வொரு வரியாகத் தன் பெட்டியில் தட்ட வேண்டும். தட்டி முடித்தால் திரையில் ஏதோ ஒன்று நடக்கும். எங்கள் இதழைப் படிப்பது என்பது விரலால் படிப்பது. யாராவது படிக்கிறார்களா என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. எங்கள் குடும்பத்தில் நான் பிறக்கும்வரை எழுத்து என்றால் கட்டைவிரல் மைதான். அந்த வீட்டில் பிறந்த ஒருத்தி எழுதியதை, முகம் தெரியாத ஒருவர் எங்கோ உட்கார்ந்து எழுத்து எழுத்தாகத் தட்டுகிறார் என்றால், அது எனக்கு உலகத்திலேயே பெரிய சங்கதி. அப்படி யாருமே இல்லையென்றால் நான் யாருக்கு எழுதுகிறேன்?

அந்தப் பெட்டி என் வாழ்க்கைக்குள் வந்தது நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு மரப்பீரோ இருந்தது. அதற்குள் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பார்த்தவர்கள்தான் இல்லை. புதிதாக வந்த கணக்கு சார் சாவியைத் தேடிக் கண்டுபிடித்துத் திறந்தார். பூட்டியே கிடந்ததில் அது ஏற்கெனவே பழசாகிப்போயிருந்தது. எங்களுக்கு அது தெரியாது. பத்துப் பேரை வரிசையில் நிற்கவைத்தார். என் முறை வந்தபோது இரண்டே வரி தட்டச் சொன்னார். முதல் வரியில் ஒரு பெயர், இரண்டாம் வரியில் ‘மறுபடி முதல் வரிக்குப் போ’. உன் பெயரைப் போடு என்றார். நான் நைனாவின் பெயரைப் போட்டேன்.

பொத்தானை அழுத்தியதும் திரை முழுக்க நைனாவின் பெயர் ஓட ஆரம்பித்தது. மதகைத் தூக்கிவிட்டால் கால்வாயில் தண்ணீர் பாய்வதுபோல, மேலே போய்க்கொண்டே இருந்தது, நிற்கவே இல்லை. தன் பெயரை ஒருமுறைகூட எழுதியிராத மனிதர் அவர். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். பின்னால் நின்ற பெண்கள் “போதும் நிறுத்துடி” என்றார்கள். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன்.

பிற்பாடு நான் கல்லூரியில் இருந்தபோது, உடைந்த பெஞ்சுகளோடு அந்தப் பெட்டியையும் அதன் டிவியையும் பள்ளிக்கூடத்தில் ஏலம் விட்டார்கள். நைனாதான் எடுத்தார். சைக்கிள் கேரியரில் வைத்து, தன் துண்டால் சுற்றிக் கட்டி, மிதிக்காமல் தள்ளிக்கொண்டே ஊருக்கு வந்தார். வழியில் டீக்கடையில் யாரோ கேட்டிருக்கிறார்கள்.

“இன்னாய்யா, டிவி வாங்கினியா?”

“டிவி இல்லப்பா, கம்ப்யூட்டரு. எம்பொண்ணு ஓட்டுவா.”

டிராக்டரைச் சொல்வதுபோலச் சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் நான் கம்ப்யூட்டர் ‘ஓட்டுகிற’ பெண்.

ஒரு பத்திரிகையின் கடைசிப் பக்கத்துத் துண்டு விளம்பரத்தைப் பார்த்து இந்தக் கூட்டத்தில் சேர்ந்தேன். காஞ்சிபுரத்தில் வங்கி வேலையில் இருந்த ஒருவர்தான் இதைத் தொடங்கி இதழையும் நடத்திக்கொண்டிருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை எல்லோரும் கூடுவார்கள். நான் போன முதல் கூட்டம் சென்னையில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் நடந்தது. சுவரோரம் முழுக்க டிவிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் எங்கள் வீட்டில் இருக்கும் அதே பெட்டி. நான் மட்டுமே பேசுவதாக நினைத்திருந்த ஒரு பாஷையை மண்டபம் முழுக்கப் பேசுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பிறகு வீட்டுக்கு வீடு புது கம்ப்யூட்டர் வந்தது. கூட்டத்துக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். மண்டபம் போய் ஒரு ஹாலாயிற்று, ஹால் போய் யாரோ ஒருவர் வீட்டு மொட்டைமாடியாயிற்று. வங்கிக்காரருக்கு வடக்கே மாற்றலானது. போவதற்கு முன்னால் வாசகர்களின் விலாசக் கட்டை என்னிடம் கொடுத்து, “நீ நடத்தும்மா, உனக்கு எழுத வருது” என்றார். அவர் காலத்தில் ஒரு பை நிறையப் போன இதழ், என் காலத்தில் ஒரு கைக்குள் அடங்குகிற கட்டாகச் சுருங்கியது.

இதழைத் தயாரிக்கும் முறையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. என்னிடம் பிரிண்டர் கிடையாது. புரோகிராமை உத்திரமேரூரில் டைப் இன்ஸ்டிடியூட்டில் உட்கார்ந்து தட்டுவேன். தமிழில் விளக்கத்தைக் கையால் எழுதுவேன். எல்லாவற்றையும் நறுக்கி ஒரு பெரிய தாளில் ஒட்டி, பஜாரில் ஜெராக்ஸ் பாய் கடைக்குக் கொண்டுபோவேன். ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை. கோந்து வாங்கினால் காய்ந்துபோகிறது, சோறு என்றைக்கும் வீட்டில் உண்டு.

அந்த மார்கழியில் நான் எழுதிய புரோகிராமின் பெயர் ‘ஏரிக்கரைச் சாயங்காலம்’. எங்கள் ஏரி நிரம்பினால் கொக்கும் நத்தைக்குத்தி நாரையும் வந்து மேயும். பொழுது சாயும்போது கூட்டமாகக் கிளம்பி வேடந்தாங்கல் பக்கம் போகும். ஒரு பறவை திரும்பினால் கூட்டமே திரும்பும். யார் சொல்லி, எப்படித் தெரிகிறது என்று சின்ன வயசிலிருந்தே கரையில் நின்று வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன். அதைத் திரையில் கொண்டுவரப் பார்த்தேன். பன்னிரண்டு பறவைகள். ஒவ்வொன்றும் பக்கத்துப் பறவையைப் பார்த்துத் தன் போக்கை மாற்றிக்கொள்ளும். அது சரியாக வந்த அன்று, நாற்றுக்கட்டு தூக்கிக்கொண்டிருந்த அம்மாவைக் கழனியிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன். நான் எழுதியதிலேயே உயர்ந்தது அது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இந்த வகைப் புரோகிராமில் ஒவ்வொரு வரிக்கும் எண் உண்டு. 10, 20, 30 என்று பத்துப் பத்தாகப் போடுவோம், பின்னால் ஏதாவது நடுவில் சேர்க்க வேண்டுமானால் இடம் இருக்கட்டும் என்று. டைப் அடிக்கும்போது 140ஆம் வரியை விட்டுவிட்டேன். அதனால் தாளை 130-க்கும் 150-க்கும் நடுவில் வெட்டி, கொஞ்சம் இடைவெளி விட்டு ஒட்டினேன். அந்த இடைவெளியில், தனியாகத் தட்டிய 140ஆம் வரியை ஒரு பட்டையாக நறுக்கி ஒட்டினேன். அது முக்கியமான வரி. பறவை திரையின் ஓரத்தைத் தொட்டதும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் வரி: திரும்பி வந்து மரத்தில் உட்கார். அது இல்லையென்றால் முதல் பறவை ஓரத்தைத் தொட்ட நொடியில் இயந்திரம் ‘பிழை’ என்று சொல்லி நின்றுவிடும்.

தாளை வாசலில் வெயிலில் காயவைத்துவிட்டுத் தலைவாரப் போனேன். வந்து சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

ஜெராக்ஸ் பாய் தாளைக் கண்ணாடி மேல் கவிழ்க்கும் முன் ஒருமுறை பார்த்தார். “இன்னா பாப்பா, நடுவுல வெள்ளையா கீது?”

படத்துக்காக விட்ட இடத்தைச் சொல்கிறார் என்று நினைத்து, “அது அப்படித்தான் பாய், போடுங்க” என்றேன். அன்றைக்கே மடித்து, ஸ்டாம்பு ஒட்டி, தபாலில் சேர்த்துவிட்டேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அம்மா அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் காகிதப் பட்டையை எடுத்து நீட்டினாள்.

“இது உன் காயிதமா பாரு. அன்னைக்கு வாசல்ல செவப்புக் கோழி இழுத்துக்கினு ஓடிச்சி. புடுங்கி வெச்சேன். எழுத்து கீதேன்னு.”

140ஆம் வரி. ஒரு முனையில் கோழி கொத்திய ஓட்டை. சரியாக நசுங்காத பருக்கை ஒன்று கோழியின் கண்ணில் பட்டிருக்கிறது.

“அன்னைக்கே குடுக்கறதுக்கு இன்னா?”

“நீதான் தலைய வாரிக்கினு பஸ்ஸுக்குப் பறந்தியே. அப்புறம் மறந்தே போச்சி. ஏன், அவசரமா?”

எழுத்து இருக்கும் எதையும் அம்மா குப்பையில் போட மாட்டாள். பலசரக்குப் பொட்டலம் கட்டிய தாளைக்கூட நீவி மடித்துவைப்பாள், அதில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டாலும். அவளிடம் கோபப்பட முடியவில்லை. கோழியிடம் கோபப்பட்டேன்.

ஆனால் உட்கார்ந்து யோசித்தபோது எனக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப்பார்த்தது. நன்றாக இருக்கிறது என்று யாரும் எழுத மாட்டார்கள், சரி. புரோகிராம் ஓடவில்லை என்றால்? மணிக்கணக்காகத் தட்டிவிட்டு, பறவை ஓரத்தில் முட்டி நின்றால்? திட்டாமல் இருப்பார்களா? யாராவது தட்டியிருந்தால் கட்டாயம் திட்டு வரும். திட்டு வந்தால், படிக்கிறார்கள். எளிமையான கணக்கு.

அப்படியாக என் வாழ்க்கையில் முதல்முறையாகத் திட்டுக்குக் காத்திருந்தேன். மணிச்சத்தம் கேட்பதற்கு முன்னாலேயே வாசலில் நிற்பேன். தை பிறந்தது. பொங்கல் வாழ்த்து அட்டைகள் பக்கத்து வீட்டுக்கு வந்தன. எனக்கு எதுவும் வரவில்லை. தபால்காரருக்கே பாவமாகப் போய்விட்டது. “நான் வேணா ஒண்ணு எழுதிப் போடட்டுமா பாப்பா?” என்றார். சிரித்துவிட்டு உள்ளே வந்தேன்.

கணக்கு எளிமையானதுதான். விடைதான் பிடிக்கவில்லை. ஒருவர்கூடத் தட்டவில்லை. நான் ஏரிக்கு எதிரே நின்று கத்தியிருக்கிறேன், எதிர்க்கரையில் ஆள் இல்லை.

அடுத்த இதழில் புரோகிராம் போடவில்லை. இத்துடன் இதழ் நிற்கிறது என்று அரைப் பக்கம் எழுதினேன். யாரையும் குறை சொல்லவில்லை. எனக்கு ரோஷம் உண்டு. கேட்காதவர்களிடம் போய் ஏன் கேட்கவில்லை என்று கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. தபாலில் அனுப்பாமல், வருஷக் கூட்டத்தில் கையிலேயே கொடுத்துவிடலாம் என்று அந்தக் கட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்த வருஷக் கூட்டம் வாலாஜாபாத்தில் ஓர் அரிசி மில்லில். மில்லின் முதலாளி எங்களில் ஒருவர். எல்லோருக்கும் அவர் மில் பாய். நெல் வரவையும் அரிசி போக்கையும் அந்தப் பழைய பெட்டியிலேயே கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஒரே வியாபாரி அவராகத்தான் இருக்க வேண்டும். ஆபீஸ் அறையில் எல்லாவற்றின் மேலும் மெல்லிசாகத் தவிடு படிந்திருந்தது. அவருடைய பெட்டி மட்டும் பளிச்சென்று இருந்தது.

“வா தங்கச்சி, நாஷ்டா ஆச்சா?”

“ஆச்சு பாய். மத்தவங்கல்லாம்?”

“மத்தவங்கன்னா? இவங்கதான்.”

தாமலிலிருந்து வந்திருந்த ஒரு பள்ளி ஆசிரியர், ஆரணியிலிருந்து ஒரு டிவி மெக்கானிக். இரண்டு பேர். மில் பாயையும் என்னையும் சேர்த்தால் நான்கு. நான் எதிர்பார்த்ததுதான். பைக்குள் கையை விட்டேன்.

“அத அப்புறம் குடு” என்றார் பாய். “மில்லு மோட்டாரு இப்ப போட்ருவானுங்க. போட்டா வோல்டேஜ் எறங்கி டிவி சுருங்கிடும், ஒரே பேஜாரு. அதுக்குள்ள ஒண்ணு ரெண்டு கேசட்ட ஓட்டிப் பாத்துடலாம்.”

அது எங்கள் கூட்டத்தின் பழக்கம். வருகிறவர்கள் அந்த வருஷம் தாங்கள் செய்ததைக் கேசட்டில் கொண்டுவருவார்கள். வர முடியாதவர்கள் கூட்டம் நடக்கிற இடத்துக்குத் தபாலில் அனுப்பிவைப்பார்கள். மேஜைமேல் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கேசட்டுகள் இருந்தன. ஆட்கள் நான்கு பேர்தான் என்ற வருத்தத்தில் நான் அந்த டின்னைச் சரியாகப் பார்க்கவில்லை.

மெக்கானிக் தன் கேசட்டைப் போட்டார். புரோகிராம் ஏறும்போது வருகிற சத்தம் தெரியாதவர்களுக்குக் காதைக் குடையும். எனக்கு அது மழை விட்ட கழனியில் சில்வண்டு கத்துகிற சத்தம். ஐந்து நிமிஷம் கத்தியது. பிறகு திரையில் ஒரு கோடு வந்தது. ஏரிக்கரை. அதன்மேல் பன்னிரண்டு பறவைகள்.

என் பறவைகள்.

முதல் பறவை ஓரத்தை நோக்கிப் போனது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன், இப்போது நின்றுவிடும் என்று. நிற்கவில்லை. பறவை சரிந்து இறங்கி, தண்ணீரை ஒரு தொடு தொட்டு, மேலே ஏறித் திரும்பியது. மற்ற பதினொன்றும் பின்னாலேயே தொட்டுத் தொட்டு ஏறின.

“இது... நிக்கலியே?”

“எதுக்கு நிக்கணும்?” என்றார் மெக்கானிக்.

“நூத்தி நாப்பதாவது வரி இல்லியே அதுல.”

“ஆமா, இல்ல. ஓரத்துல போயி முட்டிக்கினு நின்னுச்சி. சரி பண்ணேன். ஓடுது.”

“எனக்கு ஒரு கார்டு போட்டிருக்கலாமேண்ணா.”

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “ஓடறத பத்தி எதுக்கும்மா கார்டு? எங்கிட்ட டிவி ரிப்பேர் பண்ணிக்கினு போனவன் எவனாவது, நல்லா ஓடுதுன்னு சொல்றதுக்குத் திரும்பி வந்துகீறானா? வந்தாலே எனக்கு வயித்தக் கலக்கும்.”

தாமல் ஆசிரியர் சிரித்துக்கொண்டே குறுக்கே வந்தார். “இவருக்கு ஒண்ணும் தெரியல. அது தப்பு இல்லய்யா, பரீட்சை. நீ வேணும்னுதானம்மா விட்ட? கோடிட்ட இடத்த நிரப்புக! நான் அஞ்சு விதமா நிரப்பி வெச்சிருக்கேன். அடுத்த இதழ்ல விடை வரும், வரும்னு பாத்துக்கினே கீறேன், நீ மார்க்கே போடல.”

ஐந்து விதம். அவரும் காத்திருந்திருக்கிறார். என் வாசலில் நான் நின்ற அதே மாதங்களில், தாமலில் ஒருவர் என் பதிலுக்காகத் தன் வாசலில் நின்றிருக்கிறார்.

வேறு வழியில்லாமல் கோழியின் கதையைச் சொன்னேன். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் மூட்டை தூக்குகிறவர்கள் வந்து எட்டிப்பார்த்தார்கள்.

“அந்தக் கோழிக்கு ஆயுள் சந்தா போட்டுடு தங்கச்சி” என்றார் மில் பாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“உங்களுக்கு என்னான்னு தோணுச்சி பாய்?”

“ஜெராக்ஸ்ல உட்டுப்போச்சின்னு நெனச்சேன். உத்திரமேரூரு ஜெராக்ஸ் கடைக்காரரு எங்காளுதான, கேட்டா சண்டைக்கு வருவாரு. என்னோடது ரொம்ப சிம்பிளு. இந்தப் பக்கம் போனது அந்தப் பக்கம் வந்துடும். கணக்கு நேராவணும் இல்ல?”

ஆசிரியரின் ஐந்தையும் பார்த்தோம். ஒன்றில் பறவைகள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப்போல ஏரிக்கரையில் வரிசையாக உட்கார்ந்தன. பிஸ்கட் டின்னிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டோம். எல்லாக் கேசட்டிலும் என் புரோகிராம் இல்லை. இருந்தவற்றில் ஒன்று போல இன்னொன்று இல்லை. ஒரு பெண் திண்டிவனத்திலிருந்து அனுப்பியிருந்த கேசட்டில் பறவைகள் ஓரத்தைத் தொட்டதும் நிறம் மாறின, பொழுது சாய்வதுபோல. நான் திருமுக்கூடல் பக்கத்தில் மூன்று ஆறு சேருவதைப் பார்க்க முதன்முதலில் போனபோது இப்படித்தான் நின்றேன், எதைப் பார்ப்பது என்று தெரியாமல்.

கடைசியில் ஒரு கேசட். தூத்துக்குடியிலிருந்து வந்தது. வங்கிக்காரர் காலத்திலிருந்து விலாசக் கட்டில் இருப்பவர். ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை, ஒரு வரி எழுதியதில்லை. இன்னும் அங்கேதான் இருக்கிறாரா என்றுகூட நான் சந்தேகப்பட்டிருக்கிறேன். உறைமேல் சிவப்பு மையில் ‘140’ என்று மட்டும் எழுதியிருந்தது.

பாதி ஏறிக்கொண்டிருக்கும்போது மில் மோட்டார் உறுமியது. திரை நான்கு பக்கமும் சுருங்கியது.

“டேய், நிறுத்துங்கடா மோட்டார!” என்று பாய் கத்தினார்.

“நெல்லு கொட்டிட்டோம், ஓனரு திட்டுவாரு!” என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

“நான்தாண்டா ஓனரு!”

மோட்டார் நின்றது. மறுபடி முதலிலிருந்து ஏற்றினோம். ஏரிக்கரை வந்தது. பறவைகள் வந்தன, சுற்றின, ஓரத்தைத் தொட்டன. தொட்டு, அப்படியே போய்விட்டன. ஒன்றன்பின் ஒன்றாகப் பன்னிரண்டும் போய், திரையில் கரையும் மரமும் தண்ணீரும் மட்டும் இருந்தன.

காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. “தொங்கிப்போச்சி” என்று மெக்கானிக் பொத்தானுக்குக் கையை நீட்டினார். “இரு, இரு” என்று பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெறும் ஏரி. தவிடு மிதக்கிற வெயில் ஜன்னல் வழியாகத் திரையின்மேல் விழுந்திருந்தது. பிறகு, அவை போன திசையிலிருந்தே, ஒரு புள்ளி. இன்னொன்று. மெதுவாக, களைத்து வருவதுபோல. நான் என்னையறியாமல் எண்ண ஆரம்பித்தேன். ஆசிரியரும் எண்ணினார், அவர் உதடு அசைந்தது. பன்னிரண்டும் வந்து மரத்தில் உட்கார்ந்தன. எண்ணி முடித்துவிட்டோம் என்று நினைத்தபோது இன்னொன்று வந்தது. மற்றவற்றைவிடச் சின்னது. கடைசியாக வந்து, ஒரு பறவையின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தது.



“பன்னெண்டுதான போச்சி?” என்றார் பாய், குரலைத் தாழ்த்தி. “கணக்குப்படி வராதே.”

புரோகிராமைத் திரையில் வரிசையாக வரவைத்துப் பார்த்தேன். 130 வரை என் வரிகள். 150-இலிருந்து என் வரிகள், ஓர் எழுத்து மாறாமல். என் எழுத்துகள் எல்லாவற்றையும் அப்படியே தொடாமல் வைத்திருந்தார். நடுவில் 131, 132, 133 என்று தொடங்கி 149 வரை. கோழி விட்ட இடத்தில் எத்தனை வரி எழுத முடியுமோ அத்தனையும், ஓர் எண்கூட மீதமில்லாமல், எழுதியிருந்தார். போய், தூரத்தில் குஞ்சு பொரித்து, அதற்குச் சிறகு முளைக்கும்வரை காத்திருந்து, கூட்டிக்கொண்டு வருவதற்கு அவருக்கு அவ்வளவு இடம் வேண்டியிருந்தது. நான் அந்தப் பறவைகள் கிளம்புவதை மட்டும்தான் பார்த்திருந்தேன். அவை எதற்காகப் போகின்றன என்று அவர் யோசித்திருந்தார்.

மெக்கானிக் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். “அடேயப்பா” என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், “அடேயப்பா.” ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார், “இவருக்கு இன்னா மார்க்கு போடுவ?”

நான் எழுந்து வெளியே போனேன். களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. மூச்சை இழுத்து விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, இன்னொருமுறை ஓட்டச் சொன்னேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு பாய் ஞாபகமாகக் கேட்டார். “காலைல பையில இருந்து என்னமோ எடுக்க வந்தியே?”

“ஒண்ணுமில்ல பாய். பழைய காயிதம்.”

சாயங்காலம் உத்திரமேரூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஏரியை ஒட்டிப் போகும்போது நாரைகள் கிளம்பிக்கொண்டிருந்தன. இருட்டுவதற்குள் எண்ணிவிடலாம் என்று பார்த்தேன், பஸ் திரும்பிவிட்டது.

வீட்டில் நைனாவிடம் நடந்ததைச் சொன்னேன். புரோகிராம், வரி எண் எல்லாம் அவருக்கு எப்படிப் புரியும் என்று நினைத்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “ஆளக் காணாத தூரத்துல இருந்து உன் கழனியில ஒருத்தன் நடவு நட்டுட்டுப் போயிகீறான்” என்றார்.

நிறுத்தப்போவதாக எழுதிய அந்த இதழ்க்கட்டை அடுப்பில் போடக் கொண்டுபோனேன். அம்மா பிடுங்கிக்கொண்டாள். “எழுதின காயிதத்த யாராவது எரிப்பாங்களா?” அது இன்னும் பரண்மேல்தான் இருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் கடிதம் வரவில்லை. தபால்காரர் ரிடையர் ஆகும்வரை வரவில்லை. தூத்துக்குடிக்கு நான் ஒரு கார்டு போட்டேன், பதிமூன்றாவது பறவையைப் பார்த்தோம் என்று. அதற்கும் பதில் இல்லை. அவருடைய பதிலை அவர் முன்னாலேயே அனுப்பிவிட்டாரே.

அந்தக் கூட்டம் முடிந்து நான் போட்ட முதல் இதழில், மழையைப் பற்றி ஒரு புரோகிராம். இந்த முறை கோந்து வாங்கினேன். உள்ளே விசிறிக்குக் கீழே காயவைத்தேன். சிவப்புக் கோழி பக்கத்திலேயே வரவில்லை. 210-க்கும் 230-க்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு நானே வெட்டி இடம் விட்டேன். துளி தரையைத் தொட்டதும் என்ன ஆகும் என்று நான் சொல்லவில்லை.

கோழிக் கதை அதற்குள் ஜெராக்ஸ் பாய் காதுக்கும் போயிருந்தது. அவர் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“இன்னா பாப்பா, இந்த வாட்டியும் நடுவுல வெள்ளையா கீது. கோழியா?”

“இல்ல பாய்” என்றேன். “அது அவங்க எடம்.”